ஆர்கான் மெஷினுக்குப் பூக்கேட்ட வெள்ளிக்கிழமை

அத்தியாயம் 17

போன வாரம் நம் சிவக்குமாரைக் கார் ஷெட்டில் விட்டுவிட்டு வந்தோம். மடியில் விரிசல் விட்ட இன்ஜின் மூடி, கையில் செல்போன், செல்போனில் எவனோ ஒருவன் வெல்டிங் அடிக்கிற வீடியோ. கவலை வேண்டாம், ஒரு வாரத்தில் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. இந்த வெள்ளிக்கிழமை காலையிலும் மனிதர் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறார். வீடியோ மட்டும் வேறு.

இந்த வாரம்தான் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்காக நாலு வார்த்தை. சிவக்குமாருக்கு வயது நாற்பத்தேழு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறார். பொழுதுபோகவேண்டுமே என்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கிக் கார் ஷெட்டில் அக்கக்காகப் பிரித்துப் போட்டிருக்கிறார். அதனால் கார் வெளியே வெயிலில் காய்கிறது. மோட்டார் சைக்கிளின் இன்ஜின் மூடி அலுமினியம். அதில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல்.

போர் போடுகிற ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் அடிக்கிற பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர் அது. மூடியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் சிவக்குமாருக்குத் தன் கையாலேயே ஒட்டவேண்டும். அதற்கு ஆர்கான் வாயுவை ஊதிக்கொண்டே ஒட்டுகிற டிக் மெஷின் ஒன்று வீட்டில் வேண்டும். ஆசையில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டு ஆறு மாசமாகியும் ஒரு மெஷினை வாங்கத் துப்பில்லாதவரை என்ன சொல்வது?

இத்தனைக்கும் இதில் குழம்ப ஒன்றுமே இல்லை. அவர் கைக்கு எட்டுகிற விலையில் இருப்பது இரண்டே மெஷின். சின்னது டி.சி. மட்டும். இரும்பையும் எவர்சில்வரையும் ஒட்டும். அலுமினியத்திடம் அதன் ஜம்பம் பலிக்காது. பெரியது ஏ.சி., டி.சி. இரண்டும் உள்ளது. எல்லாவற்றையும் ஒட்டும். விலையும் அதற்கேற்ற மாதிரி மூன்று மடங்கு.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் படிந்திருக்குமாம். ஏ.சி. கரண்ட் போனால்தான் அந்தத் தோல் உரியுமாம். இதை அவர் தன் மனைவி தீபிகாவிடம் தோசைக்கு நடுவே சொன்னார், குழம்புக்கு நடுவே சொன்னார், அவள் வாயில் பிரஷ்ஷோடு நிற்கும்போதும் சொன்னார். வீட்டு லைன் எத்தனை ஆம்பியர் தாங்கும், டங்ஸ்டன் கம்பியை எப்படித் தீட்டவேண்டும் என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். எதை வாங்கப்போகிறீர்கள் என்று கேட்டால் மட்டும் "பாக்கலாம்" என்பார்.

தீபிகா வேறு மாதிரி. கோழித்தீவன ஏஜென்சி நடத்துகிறவள். லோடு லோடாக மக்காச்சோளத்தை, சட்னி தாளித்துக்கொண்டே போனில் விலை பேசி முடிப்பாள். அவளுக்கு 'பாக்கலாம்' என்ற சொல்லைக் கேட்டாலே உடம்பெல்லாம் எரிகிறது. பத்தொன்பது வருஷமாக எரிகிறது.

"ஏனுங்க, இன்னிக்காச்சும் முடிவு பண்ணுவீங்களா?" என்றாள், ஷெட் வாசலில் நின்றபடி.

"லீவு போட்டுட்டன்ல. சேலம் போறோம், கடையில நேர்ல பாக்கறோம்."

"பாத்துட்டு?"

"பாத்துட்டு..." சிவக்குமார் மூடியைத் திருப்பிப் பார்த்தார். பதில் அதன் அடியில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தார் போல.

தீபிகா உள்ளே வந்து வீடியோவை நிறுத்தினாள்.

"நானு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இன்னிக்கு அந்த மெஷின, உங்க வாயால, 'எனக்கு இதுதான் வேணும்'னு சொல்லி வாங்கோணும். அத மட்டும் பண்ணீட்டீங்கன்னா, கனிஷ்கா விசயத்துலயும் நீங்க நிப்பீங்கன்னு நம்பறேன். அதுவரைக்கும் நானு வாயத் தொறக்க மாட்டேன்."

"மெஷினுக்கும் கனிஷ்காளுக்கும் என்ன சம்மந்தம்?"

"ரெண்டுலயும் நீங்க இருக்கறீங்களே, அதான் சம்மந்தம்."

கனிஷ்கா அவர்களுடைய ஒரே மகள். பிளஸ் டூ முடித்துவிட்டாள். தூத்துக்குடியில் மீன்வளப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்தப் பெண் கேட்டது அதைத்தான், உழைத்துப் படித்ததும் அதற்குத்தான். இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று கம்ப்யூட்டரில் அமுக்க நாளை சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அமுக்கிவிடலாம், இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இன்னொரு பக்கம், அப்பா வேலை பார்க்கிற அதே காலேஜில் இன்ஜினியரிங் சீட்டு ஒன்று இவளுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்தவர் பாட்டி பொன்னாத்தாள். "மீனப் பத்திப் படிச்சுப்போட்டு சந்தையில கூடையத் தூக்கிட்டு உக்காரப் போறாளா?" என்பது அவருடைய கல்விக் கொள்கை.

மாமியாரை எதிர்த்துத் தீபிகா பேசலாம். பலமுறை பேசியும் இருக்கிறாள். ஆனால் அவள் பேசினால் அது மருமகளின் வாய்த்துடுக்கு. பெற்ற மகன் ஒரே ஒரு தடவை "வேண்டாம்மா" என்று சொன்னால் அதோடு முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருக்கிறாள். பாவம், அரளிச் செடியில் மல்லிகை பூக்கும் என்று காத்திருக்கலாம்.

பூ என்றதும் நினைவு வருகிறது. காரில் ஏறும் நேரத்துக்குச் சரியாகப் பொன்னாத்தாள் தலைக்குக் குளித்து, கையில் பூக்கூடையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார். கூடையில் பாதி வெள்ளரளி, பாதி செவ்வரளி.

"போற வழிதானப்பா. மெஷினுக்கு சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்புடலாம்."

இந்த வீட்டில் பூக்கேட்காமல் ஒன்றும் நடந்ததில்லை. குலதெய்வத்தின் முன்னால் வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை ஒரு இலையிலும் மடித்துப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வந்த பூவே வாக்கு. மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்ட சிவக்குமார் கம்ப்யூட்டர் படித்தது அப்படித்தான். போர் போட்ட இடம், காரின் நிறம், ஹாலில் டி.வி. மாட்டிய சுவர், எல்லாம் அப்படித்தான். டி.வி.க்கு நேர் எதிரே ஜன்னல். பகலில் படம் தெரியாது. அதற்காக அதை யாரும் மாற்றவில்லை.

அம்மா சொன்னதைக் கேட்டபோது சிவக்குமாரின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். பரீட்சை தள்ளிப்போன பையன் முகம். ஆறு மாசச் சுமையை அம்மனின் தலையில் இறக்கி வைத்துவிடலாம் என்ற நிம்மதி அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. "சரிங்கம்மா" என்று சாவியைத் திருகினார்.

கனிஷ்கா வாசல் கேட் வரைக்கும் ஓடிவந்து கார் கண்ணாடியைத் தட்டினாள்.

"அப்பா, நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள அமுக்கோணும். மறந்துறாதீங்க."

"பாக்கலாம் சாமி" என்றார் அப்பா.

பின்சீட்டில் தீபிகா பல்லைக் கடித்துக்கொண்டாள். வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளே.

மல்லசமுத்திரம் தாண்டி ஆட்டையாம்பட்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பொன்னாத்தாள் கைமுறுக்கு வாங்கினார். சாமிக்கு இல்லை, அவருக்கு. முறுக்கு உள்ளே போனால் அவருக்குப் பழைய கதைகள் வெளியே வரும்.

"பூ பொய் சொல்லாது அம்மிணி" என்று பின்பக்கம் திரும்பினார். "உன்னயக் கட்டறப்பவும் கேட்டுத்தான கட்டுனோம்."

"தெரியுமுங்க அத்தை. வெள்ளப்பூ வந்துச்சுன்னு சொல்லியிருக்கறீங்க."

"மொதல்ல எங்க வெள்ள வந்துச்சு? மொதல்ல செவப்புத்தான். பரமத்திப் புள்ளைக்கு செவப்பு, உனக்கு வெள்ளன்னு வெச்சிருந்தோம். ரெண்டாவது கேட்டேன், அப்பவும் செவப்பு. மூணாவதாத்தான் வெள்ள வந்துச்சு."

தீபிகா முன்சீட்டுப் பக்கம் குனிந்தாள். இதை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

"சாமி ரெண்டு தரம் என்னய வேண்டாம்னு சொல்லியிருக்குதுங்களே, அத்தை. அப்பறம் எதுக்குங்க மறுபடியும் கேட்டீங்க?"

"கடைசியாச் சொல்றதுதான சாமி வாக்கு?" பொன்னாத்தாள் முறுக்கை ஒடித்தார். "உங்கப்பா ரிக் வண்டி எடுக்கறாருன்னு அன்னிக்குக் காலையிலதான் காதுல உழுந்துச்சு. நல்ல எடத்த எப்படி உடறது?"

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. தன் சாமர்த்தியத்தை மருமகளும் மெச்சுவாள் என்று நினைத்துத்தான் சொன்னார். இப்படிப்பட்டவர்களிடம் கோபப்பட்டு ஆவதென்ன?

தீபிகா புருஷனின் பின்மண்டையைப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க அப்ப என்ன சொன்னீங்க?"

சிவக்குமார் கியரை மாற்றினார். முன்னால் போன சோளத்தட்டு வண்டியை முந்தினார். அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

"எங்கிட்ட யாரு கேட்டாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அழுகிற ரகம் இல்லை அவள். ஆனால் அவள் மனசில் ஓடியதை நான் மறைக்கப்போவதில்லை. கட்டினவனுக்குத் தன்னைப் பிடித்திருந்ததா இல்லையா என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி இத்தனை வருஷம் அவனுக்குத் தோசை சுட்டிருக்கிறாள்.

கோயில் மெயின்ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு மண்பாதையில் இருந்தது. பூசாரி காளிதாஸ் வேப்பமரத்தடியில் செல்போனில் ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். கார் சத்தம் கேட்டதும் போனை வேட்டி மடிப்பில் செருகி, பக்தியை முகத்தில் எடுத்து மாட்டிக்கொண்டார்.

"என்ன காரியத்துக்குங்க கேக்கறது?"

"மெஷினு வாங்கறதுக்கு, காளிதாசு. பத்த வெக்கற மெஷினு. பெருசுன்னா வெள்ள, சிறுசுன்னா செவப்பு."

காளிதாஸ் எதற்கும் அசருகிற ஆள் இல்லை. போன மாசம் ஒருவர் செல்போன் சிம் மாற்றுவதற்கே வந்து கேட்டுவிட்டுப் போனாராம். இரண்டு பொட்டலங்களை மடித்து, குலுக்கி, அம்மன் முன்னால் போட்டார்.

"எடுங்க சார்."

சிவக்குமார் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். தனக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கோயிலுக்குள் இருந்த எல்லாரிலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும், அம்மனையும் சேர்த்துச் சொல்கிறேன். தெரிந்துகொண்டே குருட்டுக்கையை நீட்டினார்.

சிவப்பு.

"ஆத்தா சிறுசே போதும்னு சொல்லீட்டா" என்று பொன்னாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு முதல் தடவையிலேயே திருப்தி. இரண்டாவது கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை.

சிவக்குமாரின் முகம் சுருங்கியது. ஆறு மாசமாகப் பார்த்த வீடியோ அத்தனையும் அந்த நொடியில் வீண். ஒரு வார்த்தை, "அம்மா, சிறுசுல அலுமினியம் ஒட்டாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சரிங்கம்மா" என்றார்.

தீபிகா வாயைத் திறக்கவில்லை. இன்னும் கடை இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கடையில் கேட்பார். மெஷினைக் கண்ணால் பார்த்தால் கேட்பார்.

"அப்படியே புள்ளைக்கும் ஒண்ணு போட்ரு, காளிதாசு" என்றார் பொன்னாத்தாள்.

எழுந்திருக்கப் போன சிவக்குமார் பாதியில் நின்றார்.

"இன்ஜினியருன்னா வெள்ள, மீனுன்னா செவப்பு. சிவா, நீயே எடு. பெத்தவன் எடுத்தாத்தான் பலிக்கும்."

காளிதாஸ் மறுபடி மடித்தார். தீபிகாவின் கண்கள் புருஷனின் முகத்தை விட்டு அகலவில்லை. இந்த இடத்தில் நான் நிறுத்தி, மனிதருக்குள் என்னென்ன போராட்டம் நடந்தது என்று அரைப்பக்கம் எழுதலாம். எழுதமாட்டேன். ஒரு போராட்டமும் நடக்கவில்லை. தீபிகாவை ஒருமுறை பார்த்தார், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார், குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

சிவப்பு.

தீபிகாவுக்கு மூச்சு வந்தது. அம்மனைக் கையெடுத்துக் கும்பிட்டாள், நிஜமாகவே கும்பிட்டாள்.

"இன்னொருக்காப் போடு" என்றார் பொன்னாத்தாள்.

"அத்தை!"

"படிப்பு விசயம் கண்ணு. ஒரு தரம் கேட்டு உட்டர முடியுமா?"

தீபிகா புருஷனைப் பார்த்தாள். காலையில் ஷெட்டில் சொன்ன வார்த்தை அவள் நாக்கைக் கட்டிப்போட்டது. நான் பேசினால் இவர் எப்போதும் பேசமாட்டார், பேசட்டும், இப்போதாவது பேசட்டும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிவக்குமார் மறுபடி குனிந்தார்.

வெள்ளை.

"பாத்தியா, கடைசியாச் சொல்றதுதான் சாமி வாக்கு" என்று பொன்னாத்தாள் காளிதாஸின் தட்டில் காணிக்கை போட்டார். காளிதாஸ் விபூதி கொடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்குத் திரும்பினார். ரம்மி பாதியில் நிற்கிறதே.

சேலத்தில் சூரமங்கலத்துப் பக்கம் அந்தக் கடை. பொன்னாத்தாள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டார். முறுக்கு இன்னும் மீதி இருந்தது.

கடையில் சின்ன மெஷின்கள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. பெரிய மெஷின் ஒன்றே ஒன்று, கண்ணாடி மேஜை மேல். சிவக்குமார் நேராக அதனிடம் போனார். அதன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுத்து எடை பார்த்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் கண் இப்படி மின்னியிருக்காது என்று தீபிகா நினைத்தாள். பிறகு, அந்த விஷயத்தை இன்று நினைக்காமல் இருப்பதே நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

விற்பனையாளர் வேலுமணி வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா, வாயில் நிரந்தரமாக ஒரு சிரிப்பு.

"எது பாக்கறீங்க சார்?"

தீபிகா காத்திருந்தாள். இதுதான் இடம். இதுதான் நேரம்.

சிவக்குமார் டார்ச்சைக் கீழே வைத்தார். "அந்த... சின்னது குடுங்க."

"என்ன ஒட்டறதுக்குங்க?"

"அலுமினியம். ஒரு இன்ஜின் மூடி."

"அட, இதுவே போதுங்க சார். அலுமினியமெல்லாம் வெண்ணெயாட்டம் ஒட்டும்."

அது சுத்தப் பொய். வேலுமணிக்குச் சரக்கு தீரவேண்டும், அவ்வளவுதான். சிவக்குமாருக்கு அது பொய் என்று தெரியும். அந்தத் தோலைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கக்கூடியவர் அவர். வேலுமணியின் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டி, "ஆமாங்க" என்றார்.

தீபிகாவுக்கு அந்த 'ஆமாங்க'வில் எல்லாம் அறுந்தது.

"தோலு என்னாச்சுங்க?"

"எந்தத் தோலு?"

"அலுமினியத்துக்கு மேல இருக்கற தோலு. ஆறு மாசமா எங்காதுல ஓதுனீங்களே. இந்த மெஷினுல அது உரியுமா?"

சிவக்குமார் பெரிய மெஷினைப் பார்த்தார். "உரியாது."

"அப்பறம் என்னத்துக்கு ஆமாங்க போட்டீங்க?"

"செவப்புத்தான வந்துச்சு தீபிகா. நானு என்ன பண்றது?"

"எங்கங்க சார் வந்துச்சு?" என்றார் வேலுமணி.

"பூவுல. கோயில்ல கேட்டோம்."

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். வேலுமணி வியாபாரி. உடனே செருப்பைக் கழற்றாத குறையாகக் கைகூப்பினார். "சாமியே சொல்லீட்டா அப்பறம் நாம யாருங்க சார்? பில்லு போட்ரட்டுங்களா?"

"போடுங்க" என்றாள் தீபிகா. "பெருசுக்குப் போடுங்க."

"தீபிகா, அம்மா..."

"உங்கம்மா காருல முறுக்குத் திங்கறாங்க. அவங்களுக்கு ரெண்டும் பொட்டிதான்." அவள் ஏற்கெனவே போனை எடுத்துப் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டாள். "உங்க ஆசைக்காக வாங்கறேன்னு நெனச்சுக்காதீங்க. இன்னொரு ஆறு மாசம் அந்தத் தோலுக் கதையக் கேக்க என்னால ஆகாது."

வேலுமணி பெரிய பெட்டியை இறக்கினார். சிவக்குமாரின் முகம் மலர்ந்தது. கொஞ்சம் முன்னால் சுருங்கிய முகமா இது என்று கேட்கிற அளவுக்கு மலர்ந்தது. வெட்கம் என்ற ஒன்றை அந்த முகத்தில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பெட்டிமுன் குந்தி, பேப்பரைப் பிரித்து, டார்ச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

தீபிகா அவர் பக்கத்தில் குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இங்க பாருங்க. மெஷினு உங்குளுக்கு. புள்ள எனக்கு. அவள நானு கூட்டிட்டுப் போறேன், தூத்துக்குடிக்கு. நீங்களும் உங்கம்மாளும் இங்க பூக்கேட்டுட்டு இருங்க. காதுல உழுந்துச்சுங்களா?"

"ம்... சரி, சரி" என்றார் சிவக்குமார். "ஏனுங்க வேலுமணி, கால்ல அமுக்கற பெடலு இதுலயே வருதா, தனியா வாங்கோணுமா?"

தீபிகா அப்படியே நின்றாள். சண்டை போடுவார், கெஞ்சுவார், அட்லீஸ்ட் அதிர்ச்சியாவது அடைவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவருக்குக் கேட்கவே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் மேல் அவளுக்கு எரிச்சல் இருந்தது, சலிப்பு இருந்தது. இப்போதுதான் முதல் தடவையாக அருவருப்பு வந்தது.

கடைக்கு வெளியே வந்து மகளைப் போனில் கூப்பிட்டாள். டவுன் பஸ் ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை காத்திருந்து பேசினாள்.

"கண்ணு, அந்த மீன் படிப்ப ஏத்துக்கறேன்னு இப்பவே அமுக்கீரு. அம்மா சொல்றேன். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"கனிஷ்கா?"

"அப்பத்தா இப்பத்தான் கூப்பிட்டாங்கம்மா. கார்ல இருந்து." கனிஷ்கா ஒவ்வொன்றாக அடுக்கினாள். "எனக்கும் பூக்கேட்டீங்களாமா. மொதல்ல மீனுதான் வந்துச்சாமா. அப்பறம் இன்னொருக்கா எடுத்தாராமா, அப்பா. அவரு கையாலயேவா எடுத்தாரு?"

தீபிகா பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். வாயில் வரவில்லை.

"ஆமா சாமி."

"நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"மெஷினுக்கு என்ன பூ வந்துச்சு?"

"செவப்பு. சிறுசு."

"சிறுசா வாங்கியிருக்கறீங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவக்குமாரும் வேலுமணியும் பெரிய பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தீபிகா அதைப் பார்த்துக்கொண்டே, "இல்ல. பெருசு. நாந்தான் வாங்கச் சொன்னேன்" என்றாள்.

கனிஷ்கா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"மெஷினுக்கு வந்த பூவ வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சுதல்லம்மா. எனக்கு வந்தப்ப மட்டும் ஏன் சும்மா நின்னீங்க?"

மக்காச்சோளத்தைப் போனிலேயே விலை பேசி முடிக்கிறவள், இதற்கு என்ன விலை பேசுவாள்? உன் அப்பாவைச் சோதித்துப் பார்த்தேன் என்று சொல்வதா? அவர் தேறமாட்டார் என்று தெரிந்தே உன்னைப் பந்தயம் வைத்தேன் என்று சொல்வதா? காலையிலிருந்து சிவக்குமாரையே மட்டந்தட்டிக்கொண்டிருந்தோம். அவருக்குப் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு இன்னொரு ஆளும் நின்றிருந்தாள்.

"கண்ணு, அதெல்லாம் ஊட்டுக்கு வந்து பேசிக்கலாம். மொதல்ல நீ போயி அத அமுக்கு."

"அமுக்கீட்டேம்மா" என்றாள் கனிஷ்கா. "அப்பத்தா போன வெச்சவொடனே அமுக்கீட்டேன்."

"எத? ஏத்துக்கறேன்னா, வேண்டாம்னா?"

போன் கட்டாகிவிட்டது. தீபிகா திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் சிவக்குமார் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, கார் டிக்கியைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.